காதில் வைத்த பஞ்சு

நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளமும் லீவும் கிடையாது, அவ்வளவுதான். கைப்பிள்ளையோடு அதில் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றுக்கு இரண்டு

பிள்ளை பெற்ற இருபதாம் நாள் வலது இமை பாதி தொங்கியது. கண் சிவந்தது. தொட்டிலில் இரண்டு பிள்ளைகள் தெரிந்தார்கள். தடவிப் பார்த்துத்தான் எடுப்பேன். பக்கத்து வீட்டு அக்கா தேற்றினாள்: "இரட்டைப் பிள்ளைனு நெனச்சுக்க. ஒன்னுக்குத்தானே துணி தொவைக்கப் போற?"

பரவுமாம்

காரைக்குடி டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். இமை கொஞ்சம் ஏறியதுபோல் அவருக்குத் தோன்றியது. தசை சோர்ந்துபோகிற வியாதி, கை, தொண்டை, மூச்சு என்று பரவலாம், பிள்ளையைத் தனியாகத் தூக்காதே என்றார். கான்வென்டில் படித்த அத்தனை ஜெபமும் மறந்துபோனது. இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் அவனை மாமியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க. விழுந்துறாம நான் கையேந்திக்கிட்டு நிக்கிறேன்."

பஞ்சு

வலது காதில் நாடித் துடிப்போடு 'உஸ், உஸ்' என்று ஓர் இரைச்சலும் இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, காற்று ஏறிவிட்டது என்று காதில் பஞ்சு வைத்தார்கள். இரைச்சல் கூடியது. கூடியது என்றேன், பஞ்சும் கூடியது. டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மாமியார் சொன்னார்: "கண்ணுக்குப் பாக்குறவுககிட்டக் காதைச் சொன்னா சிரிப்பாக."

குழாய்

இரண்டு மாதம் மாத்திரை தின்றும் கண் பிதுங்கத் தொடங்கியது. மதுரைக்கு அனுப்பினார்கள்; மாமியாரும் கூட வந்தார். அங்கே பெரிய டாக்டர் முதலில் கேட்டதே, "காதுல ஏம்மா பஞ்சு?" என்றுதான். சொன்னேன். மூடிய இமைமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கண்ணுக்குப் பின்னால் ஒரு தமனி சிரைக்குள் கசிகிறது, தசை வியாதி இல்லை, மூச்சுக்குப் பரவாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயை மாமியார் காதிலும் மாட்டிவிட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது: "ஏத்தா, இம்புட்டுச் சத்தத்தையா நான் பஞ்ச வச்சு அடைச்சேன்?"

இடது கை

மருந்து செலுத்திப் படம் எடுத்தபின், கசிவு தானாக அடைபட, வலது கழுத்தில் துடிக்கிற இடத்தை இடது கையால் சில நொடி அழுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். (டாக்டர் சொல்லாமல் யாரும் செய்துவிடாதீர்கள்.) மூளைக்கு ரத்தம் குறைந்தால் அந்தக் கைதான் முதலில் சோர்ந்து விழுமாம், அழுத்தமும் தானே விட்டுவிடுமாம். கணவர் கடிகாரத்தோடு எதிரே உட்காருவார். ஆறாவது வாரம் ஒருநாள் காலை, கையை எடுத்தும் இரைச்சல் திரும்பவில்லை. காதே போய்விட்டதோ என்று பயந்து, "ஏதாச்சும் சத்தம் போடுங்க" என்றேன். தூங்கிய பிள்ளையை எழுப்பி வீறிட வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாக் கேக்குதுல்ல? இனிமே இவன் அழுதா நீயே எந்திரி."

ஆகவே, சக உத்தியோகஸ்தர்களே, டாக்டர் கேட்காததையும் சொல்லிவிடுங்கள். நாம் அற்பம் என்று விடுவதைத்தான் அவர்கள் அத்தனை வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.