தம்பி படுத்திருந்த இடம்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ஊற்றிய மோர் தானாக நடுங்கும். பிறகுதான் சத்தம் வரும். 'நிலக்கரிச் சுரங்கத்துல வெடி வெக்கிறாங்க' என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் தூரத்து இடிபோல இருந்த அந்தச் சத்தம், இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, அலமாரியில் அடுக்கிய தம்ளர்களை உருட்டிவிடும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு 'ஏழூட்டுக் கொல்லை' என்று பெயர். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அரைமணி நேரம் நடக்க வேண்டும். மழை பொய்த்த ஒரு காலத்தில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஏழு குடும்பங்கள் மாட்டு வண்டியில் வந்து, முள்ளுக்காட்டை வெட்டி எரித்து, கிணறு தோண்டி உண்டாக்கிய ஊர் அது. காடு வெட்டிய முதல் வருடமே அஞ்சலை என்ற பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் அவளைப் புதைத்துச் செம்பாறைக் கற்களைக் குவித்து வைத்தார்கள். எங்கள் சுடுகாடு அப்படித்தான் ஆரம்பித்தது. எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகையை அந்தக் கற்குவியல்மேல்தான் வைப்பார்கள். 'அஞ்சலையம்மா பாத்துக்கும்' என்பது ஊர்ப் பெரியவர்கள் எல்லாக் கவலைக்கும் சொல்லும் ஒரே பதில்.

அந்தக் கற்குவியலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் என் தம்பியைப் புதைத்திருந்தார்கள். அவன் பெயர் செல்வம். இரண்டரை வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனான். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற, குடை குடையாக அடுக்கினாற்போல் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஒன்று சூளையில் விரிசல் விட்டுக் கிடந்ததை சைக்கிளில் கட்டி எடுத்து வந்து, தம்பியின் தலைமாட்டில் நட்டு வைத்தார். புல் மண்டினாலும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக.

சுரங்கத்துக்கு ஊரை எடுக்கிறார்கள் என்பது முடிவானதும் அளக்க ஆட்கள் வந்தார்கள். வீடு, கிணறு, முந்திரி மரம், வைக்கோல் போர் வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு நீளமான காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார் ஒரு சார். அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா கேட்டாள்.

"எம் புள்ள படுத்திருக்கிற எடத்த எதுல சார் எழுதுவீங்க?"

அவர் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், முகம் வாடிப்போயிற்று. "அதுக்குன்னு இதுல கட்டம் இல்லீங்கம்மா. சுடுகாடு பொறம்போக்குல வருதுங்க."

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி சுடுகாட்டு மண்ணை எடுத்துக்கொண்டு புது இடத்தில் போட்டுவிடுவது என்று பேசி முடித்தார்கள். வேறு என்ன செய்ய முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணு வாணாம். எலும்பு ஒண்ணாவது எடுத்தாங்க. அவன உட்டுட்டு நான் லாரியில ஏற மாட்டன்" என்று மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான்காம் நாள் விடிந்ததும் அப்பா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெண்கள் சுடுகாட்டுக்குள் வரும் வழக்கம் இல்லாததால் அம்மா ஏரிக்கரைப் புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டு, மஞ்சளில் நனைத்த புதுத்துணியை, சின்னப் பெண்ணுக்குத் தடையில்லை என்று என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அப்பா பீங்கானைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார். இடுப்பளவு போயும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னொரு குழி. அதிலும் வெறும் செம்மண்தான். மூன்றாவது குழியில் அவர் மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

எனக்குக் காரணம் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஆடு ஓட்டிக்கொண்டு அங்கே போனபோது, கூட வந்த பிள்ளைகளோடு சேர்ந்து கோயில் கட்டி விளையாட அந்தப் பீங்கானைப் பிடுங்கியது நான்தான். கோபுரம் வைக்க அதைவிட அழகான பொருள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலம் யாரோ வருகிற அரவம் கேட்டு அவசரத்தில் ஏதோ ஓரிடத்தில் குத்தி நிறுத்திவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஒருநாள் சரியான இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்து, அப்புறம் இடமே மறந்து, பிடுங்கியதையும் மறந்துவிட்டேன்.

அழுதுகொண்டே சொன்னேன். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் இருந்துது, பாப்பா? நல்லா நெனச்சுப் பாரு."

"தெரியலப்பா."

அதற்குள் புளியமரத்தடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏங்க... கெடச்சானா?"

அப்பா எழுந்து புளியமரப் பக்கம் பார்த்தார். பிறகு குழியின் அடியில் கிடந்த சுக்காங்கற்களில், வெள்ளையாக, விரல்கணு மாதிரி இருந்த நாலைந்தைப் பொறுக்கினார். மண்ணோடு சேர்த்து என் கையிலிருந்த துணியில் வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"கெடச்சிட்டான்" என்று கத்தினார். என்னிடம் மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லாத. நானும் சொல்ல மாட்டன்" என்றார்.

அம்மா முடிச்சைப் பிரிக்கவில்லை. துணிக்கு மேலேயே விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "இவ்ளோதானா எம் புள்ள" என்று கேட்டு, மடியில் வைத்துக்கொண்டே லாரியில் ஏறினாள்.

எங்களுக்கு மனை கொடுத்த இடத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சுடுகாட்டில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே அந்த முடிச்சைப் புதைத்து, அம்மா கேட்டபடி சின்னதாக ஒரு சிமெண்டு மேடை கட்டினார் அப்பா. அன்றிலிருந்து அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வார்த்தை வாய்வரை வந்த நாட்களில் எல்லாம், அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளே, தூங்குகிறாளே என்று அடக்கிக்கொண்டேன். ஆறு வருடம் முன்பு அப்பாவும் போய்விட்டார். இப்போது அது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஏழூட்டுக் கொல்லை இப்போது இல்லை. ஒருமுறை அனுமதி வாங்கிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். ஏரி, புளியமரம், அஞ்சலையம்மாவின் கற்கள் எல்லாம் இருந்த இடத்தில் ஆழமான பள்ளம், அதன் அடியில் பொம்மைபோல லாரிகள். தோண்டி எடுத்த மண்ணை இன்னொரு பக்கம் மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எந்தப் பிடி மண்ணில் என் தம்பி இருக்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லிவிட வேண்டும் என்று துணிந்தாலும், அம்மாவுக்குக் கைகாட்ட எனக்கு ஓர் இடம் இல்லை.

போன பொங்கலுக்கு மறுநாள், பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்ட அம்மாவை அந்தச் சிமெண்டு மேடைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். பால் ஊற்றி முடித்ததும், பக்கத்துத் தரையைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"எனக்கு இங்க எடம் உடச் சொல்லு. அப்பவே எம் புள்ளய உட்டுட்டு வர மாட்டன்னு சொன்னவ நான். போறப்ப அவன் பக்கத்துலயே படுத்துக்கறன்."

"சரிம்மா" என்றேன்.