இரண்டு பக்கமும் மூன்று சுற்று

கப்பலில் கன்டெய்னர் கட்டுகிறவன் நான். லாஷிங் வேலை. அடுக்கிய பெட்டிகள் கடலில் ஆடிச் சரியாதபடி இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டு, அடியில் டர்ன்பக்கிளைத் திருகி இறுக்க வேண்டும். இரண்டு முனையிலும் மரை உள்ள திருகு அது. நடு உடம்பை ஒரு பக்கம் சுற்றினால் கம்பி இறுகும், மறுபக்கம் சுற்றினால் தளரும். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி தலையில் விடிந்தது.

மச்சினி என் மனைவியின் தங்கை. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். துறைமுகத்தை ஒட்டிய பாய்ப்படகு கிளப்புக்கு முதலில் போனது நான்தான். பழைய படகுகளுக்குக் கம்பி மாற்றக் கூப்பிட்டார்கள். ஒருநாள் வேடிக்கை பார்க்க அவளும் கூட வந்தாள். இரண்டு வருடத்தில் அவள் சுக்கான் பிடிக்கிறவள் ஆனாள், நான் அவளுக்கு முன்னால் குந்தி முன்பாயின் கயிற்றை இழுக்கிறவன் ஆனேன். ராயபுரத்து வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. படகில் அவள் சொல்வதை நான் கேட்க வேண்டும். அது எனக்கு முழுசாகச் செரித்தது என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கு சீசனின் கடைசி ஓட்டம். வெளியூர்ப் போட்டிக்கு கிளப் படகை யார் ஓட்டிப் போவது என்பதை, அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பட்டியலில் மிச்சம் இருந்தது இரண்டு பேர்: அவளும் ஒரு இன்ஜினியரும். அந்த வாரம் முழுக்க அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில் சர்ச்சில் பூசை முடிந்து நேரே கிளப்புக்கு வந்தோம். கரையில் இரண்டு முன்பாய்களையும் விரித்துப் போட்டோம், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பதினொரு மணிக்கு ஓட்டம். ஒரு தடவை பாயை ஏற்றிவிட்டால் நடுவில் மாற்ற முடியாது.

"சின்னதே போடு டீச்சர்" என்றேன். அவளைச் சீண்டும்போது டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். "கடல் காத்து சட்டுனு வந்துச்சின்னா பெருசு நம்மள கவுத்துடும்."

அவள் வடக்கே எண்ணூர் பக்கம் கையைக் காட்டினாள். "பொக எப்டி கீது பாரு மாமா. நட்டுகினு நிக்கிது. கடக்காத்து வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவும். சின்னதப் போட்டுகினு போனா கப்பல் மறவுல காத்து இல்லாம குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

அனல் மின் நிலையப் புகைபோக்கிகளின் புகை உண்மையாகவே செங்குத்தாக நின்றது. பெரிய பாயைக் கோத்தேன். காற்று குறைவாக இருந்தால், பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கம்பிகளையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அப்போதுதான் பாய் புடைத்துக் காற்றை வாங்கும்.

"ரெண்டு பக்கமும் மூணு சுத்து லூஸ் பண்ணு மாமா. பாத்து."

அந்த 'பாத்து' எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கே டர்ன்பக்கிள் சொல்லிக்கொடுக்கிறாளா? பக்கத்துப் படகுக்காரரோடு பேசிக்கொண்டே இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் மூன்று சுற்று திருகினேன். கை தானாகப் போனது. திருகு சுழலாதபடி பின்னைக் குத்தி, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

மொத்தம் ஏழு படகுகள். கொடி இறங்கியதும், காற்று வலப்பக்கமிருந்து அடிக்க, எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டுப் போனோம். பெரிய பாய் எடுத்ததுதான் சரி. சின்னப் பாய் போட்ட இன்ஜினியர், நங்கூரமிட்டு நின்ற கப்பல் ஒன்றின் மறைவில் தத்தளித்தார். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்துதான் ஏற முடியும். படகைத் திருப்பி இடப்பக்கக் காற்றை வாங்கினோம். அவ்வளவுதான், படகு செத்துப்போனது. காற்றை நோக்கி ஏறவே மாட்டேன் என்றது. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, படகு இன்னொரு பக்கம் நழுவியது. அவள் சுக்கானைத் தள்ளினாள், இழுத்தாள். "இன்னா ஆச்சி எனுக்கு?" என்று தனக்குத்தானே கத்தினாள். மறுபடி வலப்பக்கக் காற்று வந்ததும் படகு உயிர் பெற்று ஓடியது. இடப்பக்கக் காற்றுக்குத் திரும்பினால் பழைய கதை.

நிமிர்ந்து பார்த்தேன். பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தேன். இடப்பக்க டர்ன்பக்கிளில் மரை நீளமாக வெளியே தெரிந்தது. வலப்பக்கத்தில் மரையே தெரியவில்லை, எல்லாம் உள்ளே போயிருந்தது. அந்த வலப்பக்கத் திருகு வெள்ளிக்கிழமை நான் புதிதாக மாட்டியது. பழையது துருப்பிடித்து இறுகிவிட்டதால் மாற்றினேன். அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். தலைகீழாக மாட்டினால் தளர்த்துகிற சுற்று இறுக்குகிற சுற்றாகிவிடும். கப்பலில் எல்லாத் திருகும் ஒரே வாக்கில் தொங்கும், அதனால் என் கைக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணால் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

ஓட்டத்தின் நடுவில் பக்கக் கம்பியைத் தொடக்கூடாது என்பது கிளப் விதி. பிறகு சொல்லி என்ன பயன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பயன் இருந்தது. சொல்லியிருந்தால் அவள் இடப்பக்கக் காற்றில் படகை மல்லுக்கட்டி ஏற்றாமல், பாயைக் கொஞ்சம் விட்டு வேகத்தையாவது காப்பாற்றியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. பதினாறு வருட லாஷிங்காரன், ஒரு திருகை மாற்றி மாட்டிவிட்டேன் என்று டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

இன்னும் ஒரு வட்டம் பாக்கி. ஒவ்வொரு தடவை இடப்பக்கக் காற்றுக்குத் திரும்பும்போதும் ஒரு படகு எங்களைத் தாண்டிப் போனது. இன்ஜினியரும் தாண்டினார். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"சாரி மாமா. இன்னிக்கி என் கை செரியில்ல."

நான் முன்பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை சாரி கேட்டாள். ஒரு தடவைகூட நான் திரும்பவில்லை.

ஐந்தாவதாக வந்தோம். படகைக் கரையேற்றிய கையோடு பெரியவர்கள் ஷெட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைக் கூப்பிட்டார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"நல்லாதாம்மா ஓட்டுறே. ஆனா ஒரு பக்கக் காத்து உன் கைக்கி வரலியே. அதோட வெளியூர் எப்படிம்மா போவ?"

"ஆமா சார். என் கைதான்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளை தப்பை ஒத்துக்கொள்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மரம் கோணல் சார்" என்றேன்.

பைலட் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதயா?"

"கூடம் நெஜமாவே கோணல் சார். கோணலாக்குனது நானு. டர்ன்பக்கிள தலகீழா மாட்டிட்டேன்."

எழுந்து வந்தார்கள். மரத்தின் உச்சியிலிருந்து வரும் பாய் ஏற்றும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, அதன் நுனியை வலப்பக்க விளிம்பில் வைத்துக் குறித்தார் பைலட். அதே நுனியை இடப்பக்கம் கொண்டுபோனார். நான்கு விரற்கடை எட்டவில்லை. டேப்பைப் பிரித்து மரையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "இந்த மரத்த வெச்சிகினு அஞ்சாவது வந்தியா நீ?" என்று அவளைக் கேட்டார். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். அவள்தான் போகிறாள். இன்ஜினியரே முதல் ஆளாக வந்து கைகொடுத்தார்.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அசிங்கப்பட்டாலும் காரியம் ஆயிற்று என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டில் நிற்கும்போது, வெளியூருக்கு எந்தெந்தப் பாய் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தேன். அவள் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வர வேணாம் மாமா. வேற ஆள கூப்ட்டுக்கறேன்."

"ஒரு திருகு மாத்தி மாட்னதுக்கா?"

"அது ஆருக்கும் ஆவும். அதுக்கில்ல. உனுக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "மொத வட்டத்துலயே" என்றேன்.

"நான் சாரி சாரின்னு கேட்டுகினே வந்தேன். நீ கேட்டுகினே குந்திகினு இருந்தே."

ஆட்டோ வந்தது. அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள், நான் பின்னால் நான்கு பேரோடு நெருக்கி உட்கார்ந்தேன். அந்தப் போட்டிக்கு ஒரு காலேஜ் பெண்ணை அழைத்துப் போனாள். அவர்கள் இரண்டாவதாக வந்த செய்தி என் மனைவியின் போனுக்குத்தான் வந்தது.