திரும்பாத பெண்ணின் படம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'எதை வச்சு டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான்; நாளடைவில் தலைமையாசிரியரே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. வாரம் ஒரு நாள் கரும்பலகையில் ஓர் ஓவியத்தை மாட்டுவாள். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கண்ணை மட்டும் திறக்கலாம். பிறகு கேட்பாள்: "படத்துல என்ன நடக்குது?" யார் என்ன சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எதை வச்சு சொல்றே?" அதற்கும் பதில் வந்துவிட்டால், "வேற என்ன தெரியுது?" பிள்ளை சொன்ன இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள், அவ்வளவுதான். சரி என்றோ தப்பு என்றோ அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

மற்ற ஆசிரியர்களுக்கு இதில் எரிச்சல். பின்னே? அவளிடம் பழகிய பிள்ளைகள் கணக்கு வகுப்பிலும் "எதை வச்சு சார்?" என்று குறுக்கே கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வராதா?

இப்படி எல்லோரையும் குடைந்தெடுத்தவள், தன் வீட்டிலிருந்த ஒரு படத்தை மட்டும் கேள்வியே கேட்டதில்லை.

கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு சாயங்காலம் அவளை வரைந்தார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கிற பெண்; முகம் தெரியாது, முதுகுப்பக்கம்தான் தெரியும். பெயின்ட் காய்வதற்குள் வெளியே போனவர், போனவர்தான். தேடாத இடமில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் அவள், "முகம் பாக்கி இருக்கே. வரைய வந்துதானே ஆகணும்" என்பாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன.

அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடும்மா."

"அவர் வந்தா வீட்டுல ஆள் வேணாமாண்ணா?"

"வருவாரா மாட்டாரான்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

போவதா, இருப்பதா? இரவெல்லாம் புரண்டாள். தன் கதை தெரிந்தவர்களிடம் கேட்டால் பரிதாபம்தான் கிடைக்கும். மறுநாள் படத்தைத் துணியில் சுற்றி வகுப்புக்கு எடுத்துப் போனாள். யார் வரைந்தது, யாரை வரைந்தது என்று மூச்சுவிடவில்லை.

"இந்தப் படத்துல என்ன நடக்குது?"

"ஒரு அக்கா பொத்தான் தைக்கிறாங்க" என்றாள் முன்பெஞ்சு வாயாடி.

"தைக்கல" என்றாள் பின்பெஞ்சுக் கண்ணாடிக்காரி. எப்போதாவது பேசுகிற பெண். "நிறுத்திட்டாங்க."

"எதை வச்சு சொல்றே?"

"ஊசி துணியில இல்ல, மேல நிக்குது. தோள் விறைப்பா இருக்கு. பின்னாடி யாரோ இருக்காங்க டீச்சர். தரையைப் பாருங்க, நிழல்."

டீச்சர் விரலை அங்கே வைத்தாள். படத்தின் அடிப்பக்கம் பழுப்பாக ஒரு கறை. கைதவறி விழுந்த பெயின்ட் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தோள், கழுத்து, தலை. நிழலேதான்.

"அப்போ அந்த ஆள் எங்கே?" என்றாள் வாயாடி.

"நாம இருக்கற இடத்துல."

வகுப்பே சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தது. சுவர்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"முகத்தை வரையாம விட்டுட்டாரோ?" டீச்சர் கேட்டாள். அவள் முறைக்கு ஒத்துவராத கேள்வி. குரலும் அவளுடையதாக இல்லை.

"விடல டீச்சர். படம் முடிஞ்சிருச்சு. அவங்கதான் திரும்பல."

"ஏன்?"

கண்ணாடிக்காரி மறுபடி படத்தைப் பார்த்தாள். "திரும்பினா அங்க யாரும் இருக்கமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

எதை வச்சு என்று டீச்சர் கேட்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே படத்தைக் கழற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கதவைத் தாழிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கும் நேரம். அவர் பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை மெல்ல வந்தது. புதிதில்லை, அவர் போன நாளிலிருந்தே இந்த நேரத்துக்கு வரும். வரும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

போன் அடித்தது. அண்ணன். "என்னம்மா முடிவு பண்ணே?"

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பக்கத்துல யாரும்மா? மூச்சு விடற சத்தம் கேக்குதே."

"என்னோடதுதாண்ணா."

"உன்னோடதும் கேக்குது. இன்னொண்ணும் கேக்குது." அண்ணன் குரல் தாழ்ந்தது. "வீட்டுல யாரு இருக்கா?"

பிடரி கூசியது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் நாளைக்கும் வருவார், நாளை மறுநாளும் வருவார், சாகும்வரை வந்துகொண்டே இருப்பார்.

ஆனாலும் திரும்பினாள்.

தாழிட்டிருந்த கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. வாசனையும் போய்விட்டது. இத்தனை வருஷத்து அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும் இல்லண்ணா" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம். நாளைக்கே வந்துடுங்க."