புனிதராகப் புறப்பட்ட நாற்பது நாள்

தோட்டத்துக் கிளினிக்கில் நோயாளியைச் சமாளித்துவிடலாம். நோயாளியோடு வருகிற கூட்டத்தைச் சமாளிப்பதுதான் வேலை. எந்தத் தோட்டத்திலாவது ஊசி பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மலேசியாவில், பகாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினான்கு வருடமாக நான் மிஸி. இங்கே நர்ஸை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: “புனிதராக மடத்துக்குப் போக வேண்டாம். பார்க்கிற வேலையை அன்பாகப் பாருங்கள், போதும்.” எனக்கென்றே சொன்னது போல இருந்தது. ஈஸ்டர் வரை யாரிடமும் கத்துவதில்லை, பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தேன்.

மூன்றாம் நாள்

குலை வெட்டுகிற முனியாண்டியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் நாகம் கொத்தியிருந்தது. முட்டிக்குக் கீழே ராஃபியா கயிற்றை இறுக்கிக் கட்டி, கால் நீலமாகிக் கிடந்தது. வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் கையில் பிளேடு. “கீறி ரத்தத்த வெளிய விடணும் மிஸி” என்று குனிந்தார். முனியாண்டியின் மனைவி சரோஜா, தூங்காதே தூங்காதே என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தூங்கவில்லை, விஷம் ஏறி இமை தொங்க ஆரம்பித்திருந்தது.

நான் கத்தினேன். பிளேடைத் தட்டிவிட்டேன். வெளியே போகச் சொல்லி நான் போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டதாம். கால் அசையாமல் கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, வழியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எனக்கு உயிர் போய் வந்தது.

பத்தாம் நாள் அவர் நடந்து வந்தார். கூட வந்த சரோஜா சொன்னாள்: “மருந்தெல்லாம் அப்புறம் மிஸி. நீங்க போட்ட சத்தத்துலயே பாதி விஷம் எறங்கிருச்சு லா.”

லெட்சுமியின் கண்

புல் மருந்து அடிக்கிற லெட்சுமி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். பம்பு குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து கண்ணில் அடித்துவிட்டது. குழாயடியில் தலையைச் சாய்த்துப் பிடித்து, இருபது நிமிடம் தண்ணீர் விட்டேன். அவள் கிள்ளிக் கிள்ளி என் கை கன்றிப்போனது.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு விபத்து அறிக்கையை எடுத்தேன். சின்ன மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். “கண்ணாடி கொடுத்தோம், அவதான் போடலன்னு எழுதிடுங்க மிஸி” என்றார். மருந்து அடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு நானே மூன்று கடிதம் எழுதியிருந்தேன், வரவே இல்லை. “அப்படி எழுத முடியாது சார்” என்றேன். உள்ளதை எழுதினேன்.

இரண்டு வாரத்தில் கண்ணாடிகள் வந்தன. லெட்சுமிக்குப் பார்வை தப்பியது. ஆனால் என் அறிக்கையைக் காரணம் காட்டி, கண் ஆறும்வரை நாற்றங்காலில் வேலை என்று மாற்றினார்கள், சம்பளம் குறைந்தது. அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. நல்லது செய்த நினைப்பில் நலம் விசாரிக்கப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். “நீங்க சாமியாராகுறதுக்கு என் வேலைதான் கெடச்சுச்சா மிஸி?”

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

பின் சீட்

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், பகல் பதினொரு மணி. லெட்சுமி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இந்தோனேசியப் பெண் சுத்தினா, யாருக்கும் சொல்லாமல் பிள்ளை பெற்றிருந்தாள். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. வெளியே தெரிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். சத்தம் கேட்ட அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு நான் போனபோது பிள்ளை அழுதது, தாயின் பாய் நனைந்து சிவந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை.

எங்கள் ஆம்புலன்ஸ் ரிப்பேருக்குப் போயிருந்தது. டவுனிலிருந்து ஒன்று வந்து திரும்பும்வரை அவள் தாங்கமாட்டாள். என் காரில் ஏற்றினேன். வயிற்றை விடாமல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வர ஓர் ஆள் வேண்டும். வாசலில் நின்ற எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள். போலீஸ், கேஸ், சாட்சி என்று யாருக்கு வேண்டும்?

லெட்சுமி பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். “எங்க அமுக்கணும், காட்டுங்க” என்றாள். காட்டினேன்.

மெயின் ரோட்டில் போலீஸ் தடுப்பு. கண்ணாடியை இறக்கினேன். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். லெட்சுமி ரத்தம் தோய்ந்த கையை எடுக்காமல் மலாய் மொழியில் சொன்னாள், “பிள்ளை பெத்தவ, சாகப் போறா. எங்கிட்ட என்ன கேக்கணுமோ ஆஸ்பத்திரியில வந்து கேளுங்க.” அவர் மோட்டாரில் ஏறி, எங்களுக்கு முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டே போனார்.

சுத்தினா பிழைத்தாள். கேள்விகள் வந்தன, லெட்சுமி இரண்டு நாள் வேலையை விட்டுப் போய்ப் பதில் சொன்னாள். தாயையும் பிள்ளையையும் கடைசியில் ஊருக்கு அனுப்பினார்கள், உயிரோடு. லெட்சுமிக்கு நன்றி சொல்லவும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் போனேன். எதை முதலில் சொல்வது என்று திணறியதைப் பார்த்து அவளே சொன்னாள்: “யாராச்சும் புடிச்சுக்கணுமே மிஸி. என் கை சும்மாதான இருந்துச்சு.”

அந்தத் தவக்காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு புனிதர் வந்தது உண்மைதான். ஆனால் அவர் முனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர், அதை ஃபாதரிடம் எப்படிச் சொல்வதென்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.