வந்ததை எழுதச் சொன்ன கலாவதி டீச்சர்

கலாவதி டீச்சர் காலமான செய்தியை அவருடைய கணவர்தான் கே.கே. நகரிலிருந்து போனில் சொன்னார். "சார், தூக்கத்துலயே போயிட்டா. கடைசி ரெண்டு நாளா வலியே இல்ல." அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. புற்றுநோய் அவரைப் படுத்திய பாட்டைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பழங்காநத்தம் பக்கம் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் இயற்பியல், நான் வேதியியல். இரண்டு லேபுக்கும் நடுவே ஒரு கதவுதான். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பிறகு தயாரிப்பார்கள். ஊசலை ஆட்டுவதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. வாத்தியார்கள் எங்களுக்கு இது தெரியாததா என்ன?

டீச்சர் வந்த வருடமே அதை நிறுத்தினார். "வந்தத எழுதுங்கப்பா. வராதத எழுதுறதுக்கு லேப் எதுக்கு? வீட்டுலயே உக்காந்து எழுதலாம்ல" என்பார். பொதுத்தேர்வை நினைத்துப் பயந்தது நாங்கள்தான்.

பயந்தபடியே ஆனது. பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வில் ஊசல் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் விடை பத்தைத் தாண்டியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார். முத்துலட்சுமி என்ற பெண் அழுதேவிட்டாள். "நீங்க சொன்னதத்தான டீச்சர் செஞ்சேன். மார்க்கு போச்சே!"

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சார், மார்க்கக் கொறைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ அளந்து பாத்துருங்க."

தேர்வாளர் எரிச்சலோடு அளந்தார். அவருக்கும் பத்தைத் தாண்டியது. மறுபடி ஆட்டினார், அதே கதை. பிறகு மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். அதன் நுனி எப்போதோ உடைந்து, யாரோ அதை அரத்தால் ராவி மட்டமாக்கி வைத்திருந்தார்கள். எண்கள் மூன்றில்தான் தொடங்கின. தேர்வாளர் உட்பட யாரும் அதைக் கவனிக்காமல், நுனியை வைத்தே அளந்ததில் எல்லோருக்கும் நீளம் மூன்று சென்டிமீட்டர் கூடிவிட்டது.

"எம்புட்டு வருசமா இந்த ஸ்கேலு இருக்கு?" என்று கேட்டார்.

"நான் வர்றதுக்கு முந்தியே இருக்கு சார்."

"அப்ப இதுவரைக்கும் எல்லாருக்கும் எப்படிம்மா ஒன்பது புள்ளி எட்டு வந்துச்சு?"

கதவோரம் நின்றிருந்த நான் பியூரெட் கழுவப் போய்விட்டேன். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, தேர்வாளராலும் முடியவில்லை. யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை.

பிள்ளைகள் போன பிறகு டீச்சர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "புள்ளைகளக் கெடுத்துட்டேனோன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

அதுவரை, சோதனையில் விடை பிசகினால் என் மானம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். எத்தனை வருடத்துப் பயம்! அதை இறக்கிவைக்கலாம் என்று காட்டியவர் அவர். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த லேசான மனதைத்தான்.

மயானத்திலிருந்து திரும்பிய மறுநாள் லேபுக்குப் போனேன். ஒரு மாணவி தாறுமாறான அளவோடு வந்து நின்றாள். "ஏன் இப்படி வருதுன்னு தெரியல சார்" என்றாள்.

"எனக்கும் தெரியலம்மா. வா, பாப்போம்" என்றேன்.