சிவப்பு விளக்கும் சந்தனப் பொட்டும்

அவனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

யாழ்ப்பாண நகரத்தில் நாங்கள் வேலை செய்த ஆய்வு நிலையத்தில் ஒரே ஒரு லேசர்தான் இருந்தது. காலையில் அவனுக்கு, பின்னேரம் எனக்கு என்று பங்கு. நான் பருத்தித்துறையில் பஸ் ஏறுவேன், அவன் புத்தூரில் ஏறுவான். எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தாலும் மிதிபலகையில் தொங்கிக்கொண்டுதான் வருவான். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

சண்டை ஷட்டரில் தொடங்கியது. அந்த லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே வந்து விழித்திரையைப் பொசுக்கிவிடும். அது வெளியே வரும் வாயை ஒரு சின்னத் தகடு மறைக்கும், அதுதான் ஷட்டர். பொத்தானைத் தட்டினால் மின்காந்தம் தகட்டைப் பலமாக இழுத்துத் திறக்கும். திரும்ப மூடுவது ஒரு மெல்லிய சுருள்வில் மட்டும். மூடச் சொன்னதும் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் மூடச் சொன்னது மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். தகடு உண்மையில் விழுந்ததா என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கதிர் பட்டால் ஒளிரும் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

“உமக்கு என்ரை நேரத்தைத் தின்னோணும், அதுதானே?” என்றான் அவன்.

பொறுப்பாளரிடம் போனேன். அவர் அவனைத் ‘தம்பி’ என்று அன்பாகக் கூப்பிடுவார். என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிடும்போது அதில் அலுப்புத்தான் இருக்கும்.

“பிள்ளை, சிவப்பு லைற் எரிஞ்சால் மூடித்தான் கிடக்கு. உம்மடை நேரத்திலை நீர் விரும்பினபடி பாரும். தம்பியின்ரை நேரத்திலை தலையிடாதையும்.”

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

அப்போது நவராத்திரி முடிவில் வாணி விழா வந்தது. கருவிகளையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்துப் பூசை செய்வது எங்கள் நிலையத்திலும் வழக்கம். கிண்ணத்தோடு சுற்றி வந்தவன் அவன்தான். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளி லேசரின் நெற்றியில் வைப்பதுபோல் ஷட்டர் பெட்டியின் மேலேயே அப்பினான். தகடு திரும்பும் கீல் அந்த இடத்தில்தான் இருந்தது.

“அதிலை வைக்காதையும். உள்ளை போயிடும்,” என்றேன்.

“சாமி காரியத்திலையுமோ பிழை பிடிக்கிறீர்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொறுப்பாளர் அவலும் கடலையும் நிறைந்த தட்டை என் கையில் தந்து, “சாப்பிடும் பிள்ளை,” என்றார். பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. சந்தனம் அங்கேயே ஆற அமரக் காய்ந்தது. என் நேரத்தில் துடைக்கலாம் என்றால், விடுமுறை முடிந்து முதல் ஆளாக லேசரைப் போட்டவன் அவன்.

அன்று காலை என் லென்ஸ் பெட்டியை எடுக்க, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குளிரூட்டி வேலை செய்யவில்லை, அறை புழுங்கியது. ஒரு முறை அளந்துவிட்டு மூடும் பொத்தானைத் தட்டியிருந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. வியர்வையில் ஆவி படிந்து மங்கிய தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கதிர் பாய்ச்சி அளக்கும் பளிங்குத் துண்டின் தாங்கியைச் சரிசெய்ய மேசைக்குக் கீழாகக் குனிந்திருந்தான். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

அவனுடைய நேரம்தான். இருந்தாலும் பொல்லாத பிடிவாதம் எனக்கு. அட்டையை எடுத்து ஷட்டருக்கு முன்னால் பிடித்தேன்.

அட்டையில் ஒரு பொட்டு பளீரென்று ஒளிர்ந்தது.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. பார், நான் சொன்னது சரி. அதற்குப் பிறகுதான் அவன் தலை மெல்ல நிமிரத் தொடங்கியதைக் கண்டேன். கதிர் போகும் உயரத்துக்கு அவன் கண் வர ஒரு சாண்கூட இல்லை. அந்த மெல்லிய அட்டை கதிரைக் காட்டும், தடுக்காது. கூப்பிட்டால் உடனே நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். வாயை மூடிக்கொண்டு சுவரில் இருந்த அவசரப் பொத்தானை ஓங்கிக் குத்தினேன். லேசர் செத்தது.

“பைத்தியமோ உமக்கு?” என்று துள்ளி எழுந்தான். “ஒரு நாள் வேலை போச்சு! வேணுமெண்டு செய்யிறீர்!”

சத்தம் கேட்டுப் பொறுப்பாளர் ஓடி வந்தார். நான் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். கீலில் மஞ்சள் பொருக்கு அப்பிக் கிடந்தது. தகடு பாதியில் நின்றது. பொறுப்பாளர் நகத்தால் கொஞ்சம் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். அறையே சந்தனமாக மணத்தது.

அவன் முகம் வெளிறியது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“எண்டாலும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தானே.”

“கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்திருப்பீர்,” என்றேன். “நிமிர்ந்திருந்தால் உமக்குக் கண் இல்லை.”

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. இதை வெளியிலை கதைக்க வேண்டாம். இனி ஒவ்வொரு முறையும் அட்டை பிடிச்சுப் பாருங்கோ.” ஏதோ அன்றைக்குத்தான் அவருக்கே தோன்றிய யோசனை போலச் சொன்னார். நன்றி என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எதிர்பார்த்தேன், நன்றாகவே எதிர்பார்த்தேன்.

மறுநாள் காலை பஸ் புத்தூரில் நின்றது. என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஏறியவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வழக்கம்போல மிதிபலகையிலேயே நின்றுகொண்டு, சந்தி திரும்பும் வரை என்னை முறைத்தான்.

இரண்டு கண்ணாலும்.