குளிரறையில் ஒரு வெள்ளிக்கிழமை

எங்கள் தொழிற்சாலையில் செய்கிற ஹீட் பம்ப் குளிர் நாட்டு வீடுகளுக்குப் போகிறது. பார்க்க ஏர்கான் மாதிரிதான், வேலைதான் தலைகீழ். வெளியே நிற்கும் பெட்டி, குளிர்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் பிடித்து வீட்டுக்குள் அனுப்பும்.

இதைக் கேட்டு என் கணவர் சிரித்தார். "ஜொகூர்ல இருந்துகிட்டு சூட்டுக்கு மெஷினா? சாமி நமக்கு ஓசியாவே தர்றாரு லா!"

நான் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். பல வருஷம் திருகாணி முடுக்கிக்கொண்டு நின்றவளை, ஆள் குறைந்ததால் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைச் சோதனையை ஒழுங்காக முடித்தால் அங்கேயே வைத்துக்கொள்வதாகப் பொறியாளர் சொன்னார். அவர் மலாய்க்காரப் பெண்மணி; நாம் 'அம்மா' என்கிற மாதிரி, மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். காலையில் விபூதி பூசும்போது முருகனிடம் அதை மட்டும்தான் கேட்டேன்.

உறைகிற குளிரில் ஓர் அறை, அதில் வெளிப்பெட்டி. அடுத்த அறையில் சூட்டை ஊதும் உட்பெட்டி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், கணினி, எல்லாவற்றையும் நிறுத்துகிற ஒரு சிவப்புப் பொத்தான். உட்பெட்டி தரும் சூட்டைக் கணினி பதிந்துகொண்டே இருக்கும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீண். அவ்வளவு குளிரில் நடந்த சோதனையை நான் அதுவரை பார்த்ததில்லை.

புவான் சாப்பிடப் போயிருந்தார். பெட்டியின் தகடுகளில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. பனி! வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறேன். வாயைப் பிளந்து நின்றபோதே மின்விசிறி நின்றது. பெட்டியிலிருந்து வெள்ளையாகக் குபுகுபுவென்று கிளம்பியது.

வண்டியில் அடுத்த பெட்டியைத் தள்ளிவந்த, பெக்கான் நானாஸ் ஊர்க்கார அண்ணன் கத்தினார். "அலமாக்! புகை! அந்தப் பட்டன அடிம்மா!"

என் கை பொத்தான்மேல் போய்விட்டது. கணினியில் சூடும் இறங்கிக்கொண்டிருந்தது. முருகா, தீப்பிடித்தால்? அணைத்துவிட்டு, அது தீயாக இல்லாவிட்டால்?

அப்போதுதான் பெட்டியின் அடியைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டியது. தகட்டின் வெள்ளை கரைந்து ஓடியது.

"அண்ணே, எரிஞ்சா தண்ணி எப்படிண்ணே வரும்? புகை மணியும் அடிக்கல. இது ஆவி! இட்லிச் சட்டியத் திறந்தா வருமே, அது!"

"அது இட்லி இல்லம்மா, மெஷினு! வெடிச்சா உன் இட்லியா வந்து காப்பாத்தும்?"

கையை எடுத்துவிட்டேன். ஆவி மெலிந்தது. மின்விசிறி மறுபடி சுழன்றது. கணினியில் எண் ஏறியது, இன்னும் ஏறியது. "ஏறுதுண்ணே, ஏறுது!" என்று நான் குதித்ததில் கை வளையல்கள் குலுங்கின. அண்ணனும் வண்டியை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

எங்கள் சத்தம் கேட்டுப் புவான் ஓடிவந்து முதலில் கணினியைப் பார்த்தார். "யாராவது நிறுத்தினீர்களா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, புவான்."

அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். பெட்டி தன்மேல் பிடித்த பனியைத் தானே கரைத்துக்கொள்ளுமாம். அதைச் சொல்ல மறந்துவிட்டாராம். "திங்கட்கிழமை இன்னும் குளிராக வைக்கிறோம். உள்ளே போக வேண்டியிருக்கும், ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள்."

திங்கட்கிழமை! அப்படியானால் இனி இங்கேயேதான். முருகா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

"ஸ்வெட்டருக்கு எங்கண்ணே போவேன்?"

"கேமரன் மலைக்குப் போனப்ப வாங்கினது ஒண்ணு வீட்டுல சும்மா கிடக்கு," என்றார் அண்ணன். "போட்டுக்க. சட்டியத் திறக்கிறப்ப எனக்கும் ரெண்டு இட்லி கொண்டா."